பிளாஸ்மாவின் விளிம்பில் ஒரு கம்பி: லாங்மியூர் ஆய்வு முனை எப்படி அளக்கிறது?

டோக்காமாக் என்பது அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் வளைய வடிவக் கலம். அதன் நடுவில் பிளாஸ்மா பத்துக் கோடி டிகிரியைத் தாண்டும். அங்கே எந்தப் பொருளையும் நீட்ட முடியாது. லேசரையோ நுண்ணலையையோ அனுப்பித்தான் அளக்க வேண்டும். சுவரை ஒட்டிய கடைசிச் சில சென்டிமீட்டரில் நிலைமை வேறு. அங்கே ஓர் உலோகக் கம்பியையே உள்ளே விட்டு, அதற்கு மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்க்கலாம். லாங்மியூர் முனை என்பது அவ்வளவுதான். கம்பியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அந்த மின்னோட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

முதலில், எது விளிம்பு? பிளாஸ்மாவின் உட்பகுதியில் காந்தப்புலக் கோடுகள் மூடிய பரப்புகளின் மேல் சுற்றிச் சுற்றி வருகின்றன. துகள்களும் அவற்றோடு சுற்றுகின்றன. கடைசி மூடிய பரப்பைத் தாண்டிவிட்டால் கோடுகள் ஏதாவது ஒரு திடப்பொருளில் போய் முட்டும்: லிமிட்டர் தகட்டில், அல்லது கலத்தின் அடியிலோ மேலேயோ உள்ள டைவர்ட்டர் தகட்டில். இந்தத் திறந்த கோடுகள் உள்ள மெல்லிய பகுதிக்கு ஸ்க்ரேப்-ஆஃப் அடுக்கு என்று பெயர். உள்ளிருந்து கசியும் துகள்களும், வெப்பத்தின் பெரும்பகுதியும் இதன் வழியாகவே தகட்டுக்குப் போகின்றன. அந்த வெப்பம் பாயும் பட்டையின் அகலம் சில மில்லிமீட்டர்தான். தகடு தாங்குமா, தேயுமா என்பது இங்குள்ள அடர்த்தியையும் வெப்பநிலையையும் பொறுத்தது. அதனால்தான் இந்த அளவீட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

இங்கே எலக்ட்ரான் வெப்பநிலை பொதுவாக 10 முதல் 100 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். ஓர் எலக்ட்ரான் வோல்ட் ஏறத்தாழ 11,600 கெல்வின். ஆகவே லட்சம் டிகிரிக் கணக்கு. அதில் கம்பி உருகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அடர்த்தியைப் பாருங்கள்: ஒரு கனமீட்டரில் 10¹⁹ துகள்கள் என்றால், நாம் சுவாசிக்கும் காற்றைவிட அது சுமார் 25 லட்சம் மடங்கு மெல்லியது. ஒவ்வொரு துகளும் சூடானது, ஆனால் துகள்கள் குறைவு. அதனால் கம்பி கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அதற்குப் பிறகு வருவோம்.

இந்த முறையின் கோட்பாட்டை 1926இல் ஹரால்ட் மாட்-ஸ்மித்தும் இர்விங் லாங்மியூரும் வெளியிட்டார்கள். வாயுவில் மின்னிறக்கம் பற்றிய ஆய்வுக்காக எழுந்த முறை அது. 'பிளாஸ்மா' என்ற பெயரையே லாங்மியூர் 1928இல்தான் வைத்தார். ஆக, பெயருக்கு முன்பே கருவி வந்துவிட்டது.

கம்பியைச் சுற்றி என்ன நடக்கிறது

எதோடும் இணைக்காத ஒரு கம்பியைப் பிளாஸ்மாவில் வைத்தால் அயனிகளும் எலக்ட்ரான்களும் அதன் மேல் மோதும். எலக்ட்ரான் மிக இலேசானது. ஒரே வெப்பநிலையில் டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அயனியைவிடச் சுமார் 60 மடங்கு வேகமாகப் போகும். அதனால் தொடக்கத்தில் எலக்ட்ரான்கள்தான் வந்து குவியும், கம்பி எதிர்மின்னூட்டம் பெறும். அந்த எதிர்மின்னூட்டம் பின்னால் வரும் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடும். ஒரு கட்டத்தில், வந்து சேரும் எலக்ட்ரான்களும் அயனிகளும் சமமாகி, நிகர மின்னோட்டம் சுழியாகும். அப்போது கம்பியில் இருக்கும் மின்னழுத்தத்துக்கு மிதப்பு மின்னழுத்தம் என்று பெயர். அது பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தைவிட, எலக்ட்ரான் வெப்பநிலையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வோல்ட் கீழே இருக்கும். வெப்பநிலை 20 எலக்ட்ரான் வோல்ட் என்றால் சுமார் 60 வோல்ட் கீழே.

இந்த மின்னழுத்த வீழ்ச்சி முழுவதும் கம்பியைச் சுற்றிய ஒரு மெல்லிய உறைக்குள் நடந்துவிடுகிறது. உறையின் தடிமனை டிபை நீளத்தால், அதாவது ஒரு மின்னூட்டத்தைப் பிளாஸ்மா மறைத்துவிடும் தூரத்தால், அளப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் (20 எலக்ட்ரான் வோல்ட், 10¹⁹) டிபை நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். உறை அதைப் போல் சில மடங்கு. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு முன் அது ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். உறை கம்பியைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை கணக்கு எளிது.

இப்போது கம்பிக்கும் கலத்தின் சுவருக்கும் இடையே ஒரு மின்னழுத்த மூலத்தை இணைத்து, எதிர்ப்பக்கம் தொடங்கி மெல்ல ஏற்றுவோம்.

ஆழமான எதிர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் எல்லாம் தடுக்கப்படும். அயனிகள் மட்டும் வரும். இன்னும் எதிர்ப்பக்கம் போனாலும் மின்னோட்டம் பெரிதாக அதிகரிக்காது. இதுதான் அயனித் தெவிட்டு மின்னோட்டம். அயனிகள் உறையின் வாசலுக்கு ஒலியின் வேகத்தில் வந்து சேர்கின்றன என்பது போம் நிபந்தனை. காற்றில் கேட்கும் ஒலியல்ல, பிளாஸ்மாவுக்கே உரிய அயனி-ஒலி வேகம். எனவே வரும் மின்னோட்டம் அடர்த்தி, அந்த வேகம், மின்னூட்டம், பரப்பு ஆகிய நான்கின் பெருக்கற்பலன். அதில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதி எதற்கு என்றால், வாசலை நெருங்க நெருங்க அயனிகள் முடுக்கம் பெறுவதால் அடர்த்தி குறைந்துவிடுகிறது.

மின்னழுத்தத்தை மிதப்பு நிலையை நோக்கி ஏற்றினால், வேகமான சில எலக்ட்ரான்கள் தடையைத் தாண்டத் தொடங்கும். ஒவ்வொரு முறை மின்னழுத்தம் எலக்ட்ரான் வெப்பநிலை அளவுக்கு ஏறும்போதும் எலக்ட்ரான் மின்னோட்டம் 2.7 மடங்காகும். இந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதில்தான் வெப்பநிலை ஒளிந்திருக்கிறது. மொத்த மின்னோட்டத்திலிருந்து அயனிப் பங்கைக் கழித்து, மீதியின் மடக்கையை மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சாய்வின் தலைகீழ்தான் எலக்ட்ரான் வெப்பநிலை.

இன்னும் மேலே போனால் எலக்ட்ரான்களும் தெவிட்ட வேண்டும் என்பது பாடநூல். காந்தப்புலம் இல்லாத பிளாஸ்மாவில் அது சரி. டோக்காமாக்கில் அந்தப் பகுதியை நம்பக் கூடாது. 2 டெஸ்லா புலத்தில் 20 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் சுற்றும் வட்டத்தின் ஆரம் 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். அது தன் புலக்கோட்டை விட்டு நகராது. கம்பி தன்னைத் தொடும் கோடுகளில் உள்ள எலக்ட்ரான்களை உறிஞ்சித் தீர்த்துவிடும். பக்கத்துக் கோடுகளிலிருந்து அவை மெல்ல மெல்லத்தான் வந்து நிரம்பும். அதனால் கோட்பாடு சொல்வதைவிட மிகக் குறைந்த எலக்ட்ரான் மின்னோட்டமே வருகிறது. டியூட்டீரிய அயனியின் வட்டமோ அரை மில்லிமீட்டர் அளவு, கம்பிக்கு நிகரானது. அதற்கு இந்தப் பஞ்சம் இல்லை. ஆகவே வளைகோட்டைப் பொருத்தும்போது மிதப்பு மின்னழுத்தத்துக்குச் சற்று மேலேயே, வெப்பநிலையில் பாதி அளவு வோல்ட் தாண்டுவதற்குள் நிறுத்திவிடுங்கள். மேலே உள்ள புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால் வெப்பநிலை உண்மையைவிடக் கூடுதலாக வரும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரு கணக்கு

1 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு முனை காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. தெவிட்டு மின்னோட்டம் 140 மில்லிஆம்பியர். மிதப்பு மின்னழுத்தத்திலிருந்து 14 வோல்ட் கீழே இறங்கினால் நிகர மின்னோட்டம் அதில் சரிபாதி, 70 மில்லிஆம்பியர். பாதியாகும் அந்த இடைவெளியை 0.69ஆல் (2இன் இயல் மடக்கையால்) வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும்: 20 எலக்ட்ரான் வோல்ட். முழு வளைகோட்டைப் பொருத்துவதற்கு இது மாற்றல்ல. மென்பொருள் தரும் விடை நம்பத் தகுந்ததா என்று சரிபார்க்க நல்ல குறுக்குவழி.

பரப்புக்கு வருவோம். உருளையின் மேற்பரப்பு முழுவதையும் எடுக்கக் கூடாது. துகள்கள் புலக்கோட்டின் வழியே வருவதால், அந்தத் திசையில் முனை போடும் நிழல்தான் கணக்கு: நீளம் பெருக்கல் விட்டம், இரு பக்கத்துக்கும் இரண்டு மடங்கு, 4 சதுர மில்லிமீட்டர். முழு வளைபரப்பை எடுத்தவர் அடர்த்தியை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்துச் சொல்லிவிடுவார். அயனியின் வெப்பநிலையும் 20 என்று வைத்தால் டியூட்டீரியத்தின் ஒலி வேகம் வினாடிக்கு 44 கிலோமீட்டர். வகுத்தால் அடர்த்தி கனமீட்டருக்கு 10¹⁹.

அயனி வெப்பநிலை 20 என்பது அனுமானம் மட்டுமே. சாதாரண முனை அதை அளக்காது. அதற்குத் தடைப்புலப் பகுப்பான் என்ற வேறு கருவி வேண்டும். ஸ்க்ரேப்-ஆஃப் அடுக்கில் அயனிகள் பெரும்பாலும் எலக்ட்ரான்களைவிடச் சூடானவை. உண்மையில் 40 என்றால் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே தெவிட்டு மின்னோட்டத்தை அப்படியே நம்பலாம். வெப்பநிலையைக் கொஞ்சம் யோசித்து நம்பலாம். அடர்த்தியைச் சொல்லும்போது என்ன அனுமானித்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பியும் சுற்றும்

முனைக்கு கிராஃபைட், டங்ஸ்டன், சில இடங்களில் மாலிப்டினம். அதைச் சுற்றி மின்காப்புக்கு போரான் நைட்ரைடு அல்லது அலுமினா. காப்புப் பொருள் முனையை ஒட்டி இறுக்கமாக இருந்தால் நாளடைவில் வினை வரும்: சுவரிலிருந்து தெறிக்கும் உலோகமும் கார்பனும் காப்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, முனையையும் உறையிடும் குழாயையும் இணைத்துவிடும். அப்போது அளக்கும் பரப்பு எவ்வளவு என்றே தெரியாது, கசிவு மின்னோட்டமும் சேரும். முனை வெளியே வரும் இடத்தில் காப்பில் ஒரு சிறு பள்ளத்தை விட்டால் அதன் நிழலில் படலம் தொடர்ச்சியாக வளராது. சோதனை நாளன்று காலையில் முனைக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள தடையை அளந்து குறித்து வைப்பது நல்ல வழக்கம். மெகாஓமில் இருந்த எண் கிலோஓமுக்கு இறங்கினால் அன்றைய தரவை ஒதுக்கிவிடலாம்.

மின்சுற்று எளிது. மூலம், கம்பிவடம், தொடரில் ஒரு சிறு மின்தடை. 10 ஓம் என்றால் 140 மில்லிஆம்பியருக்கு 1.4 வோல்ட் கிடைக்கும். ஆனால் அந்தத் தடையின் இரு முனைகளும் நிலத்திலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் தனிமைப்படுத்தும் பெருக்கி கட்டாயம். மின்னழுத்தத்தைத் தடைக்கு அப்பால், முனையின் பக்கத்தில் அளக்க வேண்டும். மூலத்தின் பக்கம் அளந்தால் தடையில் விழும் வோல்ட்டும் சேர்ந்து வளைகோடு சரியும், வெப்பநிலை கூடுதலாகத் தெரியும். பிளாஸ்மா இல்லாத நேரத்தில் முனையின் இடத்தில் 1 கிலோஓம் தடையைக் கட்டி, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் அலையை ஒரு முறை ஓட்டுங்கள். நேர்கோடு வந்து, சாய்வு சரியாக இருந்தால் சுற்று சரி.

மின்னழுத்தத்தை எங்கிருந்து எங்கே ஏற்றுவது? தெவிட்டுப் பகுதி தெளிவாகத் தெரிய, மிதப்பு நிலைக்குக் கீழே வெப்பநிலையைப் போல் மூன்று மடங்காவது இறங்க வேண்டும். அங்கும் எலக்ட்ரான்கள் 5 விழுக்காடு மிச்சமிருக்கும். −150 முதல் +20 வோல்ட் வரை என்பது நம் எடுத்துக்காட்டுக்குத் தாராளம்.

எவ்வளவு வேகமாக? இங்கேதான் கம்பிவடம் குறுக்கே வரும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரடு வீதம் 20 மீட்டர் வடத்தின் மின்தேக்குத்திறன் 2 நானோஃபாரடு. 200 வோல்ட் முக்கோண அலையை வினாடிக்கு ஆயிரம் முறை ஓட்டினால் வடமே 0.8 மில்லிஆம்பியர் இழுக்கும்; கண்டுகொள்ள வேண்டாம். வினாடிக்கு ஒரு லட்சம் முறை என்றால் 80 மில்லிஆம்பியர், அளக்க வந்த மின்னோட்டத்தில் பாதிக்கு மேல். ஏறும்போது ஒரு வளைகோடு, இறங்கும்போது வேறொன்று என்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பிளாஸ்மாவுக்குள் போகாத, அதே நீளமுள்ள இன்னொரு வடத்தை உடன் ஓட்டி அதன் மின்னோட்டத்தைக் கழிப்பது வழக்கமான மருந்து.

மெதுவாக ஓட்டினாலும் நிம்மதி இல்லை. விளிம்புப் பிளாஸ்மா கொந்தளிப்பானது. தெவிட்டு மின்னோட்டம் பத்து மைக்ரோவினாடிகளிலேயே மடங்குக் கணக்கில் ஏறி இறங்கும். ஒரு வளைகோட்டின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒரே பிளாஸ்மாவைச் சேர்ந்தவை அல்ல. அடுத்தடுத்த ஐந்து முதல் பத்து அலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பொருத்துவது இதற்காகத்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட முனைகள்

அலையே ஓட்டாமல் வெப்பநிலையை எடுக்க மும்முனை ஆய்வு உதவும். இரண்டு முனைகளுக்கு இடையே நிலையான மின்னழுத்தம் கொடுத்து, அந்த இணையை நிலத்தோடு இணைக்காமல் மிதக்க விடுவார்கள். மூன்றாவது முனை தனியே மிதக்கும். எதிர் முனை தெவிட்டு மின்னோட்டத்தை எடுக்க, நேர் முனை அதே அளவு எலக்ட்ரான்களை எடுத்தாக வேண்டும். நேர் முனைக்கும் மிதக்கும் முனைக்கும் உள்ள வேறுபாட்டை 0.69ஆல் வகுத்தால் அந்தக் கணத்தின் எலக்ட்ரான் வெப்பநிலை. மேலே பார்த்த பாதி விதியின் மறுபக்கம் இது. மூன்று முனைகளும் ஒரே பிளாஸ்மாவைப் பார்க்கின்றன என்பது இதன் அடிப்படை. ஆனால் அவை சில மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன; ஒரு கொந்தளிப்புக் குமிழ் ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாத கணத்தில் வெப்பநிலை எதிர்மறையாகக்கூட வரும்.

புலத்துக்குக் குறுக்கே 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மிதக்கும் இரண்டு முனைகளுக்கு இடையே 5 வோல்ட் வேறுபாடு என்றால் மின்புலம் மீட்டருக்கு 1000 வோல்ட். 2 டெஸ்லாவில் பிளாஸ்மா வினாடிக்கு 500 மீட்டர் நகர்கிறது என்று பொருள். அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தையும் உடன் அளந்தால் கொந்தளிப்பு எவ்வளவு துகள்களை வெளியே தள்ளுகிறது என்று கணக்கிடலாம். அழகான முறை, ஒரு குறையோடு: மிதப்பு மின்னழுத்தத்துக்குள் மூன்று மடங்கு வெப்பநிலை கலந்திருப்பதால், வெப்பநிலை வேறுபட்டால் அதுவும் மின்புலம் போல வேடம் போடும். இதைத் தவிர்க்கப் பிறந்தது பால்பென் முனை. உலோக முனையைக் காப்புக் குழாய்க்குள் சற்றே இழுத்து வைத்தால், சிறிய வட்டத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் நுழையத் திணறும், அயனிகள் நுழையும். இரண்டும் சமமாகும்போது முனை பிளாஸ்மாவின் மின்னழுத்தத்துக்கு மிக அருகிலேயே மிதக்கும்.

ஓட்டத்தின் வேகத்தை அறிய மாக் முனை: ஒரே புலக்கோட்டில் எதிரெதிர்த் திசையைப் பார்க்கும் இரண்டு முகங்கள். அவற்றின் தெவிட்டு மின்னோட்ட விகிதத்தின் இயல் மடக்கையை 0.4ஆல் பெருக்கினால் மாக் எண், அதாவது அயனி-ஒலி வேகத்தைப் போல் ஓட்டம் எத்தனை மடங்கு என்பது, ஏறத்தாழ வரும். விகிதம் 2 என்றால் சுமார் 0.3.

எவ்வளவு ஆழம் போகலாம்

சுவரிலிருந்து உள்நோக்கி முழுப் பரவலையும் எடுக்க, முனையைக் காற்றழுத்தத்தாலோ மோட்டாராலோ வேகமாக உள்ளே செலுத்தி உடனே வெளியே இழுப்பார்கள். உள்ளே இருக்கும் நேரம் நூறு மில்லிவினாடி அளவில். தாங்குமா? மிதக்கும் பரப்பில் விழும் வெப்பத்துக்கு எளிய வழிகாட்டி: தெவிட்டு மின்னோட்ட அடர்த்தியை வெப்பநிலையால் பெருக்கி, மேலும் 7ஆல் பெருக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் சதுர மீட்டருக்கு 35,000 ஆம்பியர், 20 வோல்ட், 7: சுமார் 5 மெகாவாட். 1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பி இதை இருபுறமும் 100 மில்லிவினாடி வாங்கினால் 500 கெல்வின் அளவுக்குச் சூடேறும். பயமில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய் 50 எலக்ட்ரான் வோல்ட், 2×10¹⁹ அடர்த்தி என்று வந்தால் வெப்பம் எட்டு மடங்காகும். அதே 100 மில்லிவினாடியில் 3800 கெல்வின் ஏற்றம். டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரி செல்சியஸில். மின்னழுத்தம் எலக்ட்ரான் பக்கம் ஏறினால் வெப்பம் இன்னும் கூடும்.

உருகுவதற்கு வெகு முன்பே தரவு கெட்டுவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெண்சூடான டங்ஸ்டன் தானே எலக்ட்ரான்களை உமிழும். வெளியேறும் எலக்ட்ரானும் உள்ளே வரும் அயனியும் சுற்றில் ஒரே திசை மின்னோட்டம். கருவியால் பிரித்துக் காட்ட முடியாது. அடர்த்தி திடீரென்று ஏறியது போலத் தோன்றும். உள்ளே போகும்போது எடுத்த பரவலையும் வெளியே வரும்போது எடுத்த பரவலையும் ஒப்பிடுங்கள்: திரும்பும் வழியில் மட்டும் மின்னோட்டம் அதிகம் என்றால் முனை சூடாகிவிட்டது, அல்லது முனையே பிளாஸ்மாவைக் கலைத்துவிட்டது. பரப்பில் மின்வில் பற்றிக்கொண்டாலும் மின்னோட்டம் பாயும். மூலத்தில் ஓரிரு ஆம்பியர் வரம்பு வைத்து, தாண்டினால் உடனே துண்டிக்கும்படி அமைத்தால் முனையும் பெருக்கியும் பிழைக்கும்.

டைவர்ட்டர் தகட்டில் பதித்த முனைகள் நகர வேண்டியதில்லை, ஆனால் அவற்றுக்கு வேறு தொல்லை. புலக்கோடுகள் அங்கே தகட்டை 2 முதல் 4 டிகிரி கோணத்தில் உரசிச் செல்கின்றன. தகட்டோடு சமமாகப் பதித்த முனையின் நிழற்பரப்பு 3 டிகிரியில் உண்மைப் பரப்பின் 5 விழுக்காடுதான். கோணத்தில் ஒரு டிகிரி பிழை வந்தால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பிழை. மேலும், மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் போகப் போக உறை தடிக்கும். இந்தச் சாய்ந்த கோணத்தில் சிறிது தடித்தாலே பிடிக்கும் பரப்பு நன்றாகக் கூடும், மின்னோட்டம் தெவிட்டவே மறுக்கும். அப்போது பாதி விதி பொய்த்துவிடும். தெவிட்டுப் பகுதிக்கும் ஒரு சாய்வைக் கொடுத்து நான்கு மாறிகளோடு பொருத்த வேண்டும். முனையைக் கூரை வடிவில் ஒரு மில்லிமீட்டர் மேலே நீட்டினால் இந்தச் சிக்கல் குறையும், ஆனால் நீட்டிய முகம் முழு வெப்பத்தையும் வாங்கும்.

கடைசியாக, முனை பொய் சொல்லும் ஓர் இடம். தகட்டுக்கு முன்னால் பிளாஸ்மா 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே குளிர்ந்து, தகட்டிலிருந்து விலகத் தொடங்கும் நிலையில், முனை உண்மையைவிட அதிக வெப்பநிலையைக் காட்டும். மேலே சூடான பகுதியிலிருந்து மோதாமல் தப்பி வரும் சில வேகமான எலக்ட்ரான்கள்தான் தடையைத் தாண்டுகின்றன. வளைகோட்டின் சாய்வு அவற்றின் கதையைச் சொல்கிறது, பெரும்பான்மையின் கதையை அல்ல. குளிர்ந்த பிளாஸ்மாவின் சொந்த மின்தடையும் சுற்றில் தொடராகச் சேர்ந்து வளைகோட்டை இன்னும் சாய்க்கும். இந்த நிலையில் வெப்பநிலையை, எலக்ட்ரான்கள் லேசர் ஒளியைச் சிதறடிப்பதை அளக்கும் தாம்சன் சிதறலிலிருந்தோ ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளின் விகிதத்திலிருந்தோ எடுத்துக்கொண்டு, முனையைத் தெவிட்டு மின்னோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். உள்ளே அடர்த்தி ஏறிக்கொண்டே போக, தகட்டில் அந்த மின்னோட்டம் ஓர் உச்சத்தைத் தொட்டுத் திரும்பி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்மா தகட்டை விட்டு விலகிவிட்டது என்பதற்கு முதலில் பார்க்கும் அடையாளம் அந்த இறக்கம்தான்.